23 அடி இரட்டை ஹல் பாய்ப்படகு: ஃபைபர் போட் பட்டறையில் வார்க்கலாமா?

#1 உப்பனாறு (கடலூர் முதுநகர்)

வணக்கம். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்க ஒரு விஷயம் வந்திருக்கிறது.

முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பு, வெல்டிங் எல்லாம் கைப்பழக்கம். படகு கட்டிப் பழக்கமில்லை. பாய் விட்டு ஓடும் கட்டமரான் (இரண்டு ஹல், அதாவது இரண்டு படகு உடல், சேர்ந்த படகு) ஒன்று, 23 அடி நீளத்தில், நாலைந்து பேர் உட்காரும்படி வேண்டும். காலையில் தேவனாம்பட்டினத்தில் இறக்கி, கரையை ஒட்டியே புதுச்சேரி வரை போய், அன்றைக்கே திரும்ப வேண்டும். உள்ளே படுக்கை, அடுப்பு எதுவும் வேண்டாம்.

இங்கே ஒரு ஃபைபர் போட் பட்டறையில் கேட்டேன். "இருக்கிற சின்ன மோல்டுலயே ரெண்டு பாடி எடுத்துடலாம். நடுவுல ரெண்டு இன்ச் ஜிஐ பைப் மூணு வெச்சு வெல்டு அடிச்சுடுங்க. மேல பலகை போட்டா முடிஞ்சுது" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இது சரிப்படுமா? ஜிஐ பைப் தாங்குமா? ஆற்றில் கட்டி வைப்பதா, கரையில் ஏற்றி வைப்பதா? பராமரிப்பு எவ்வளவு தொல்லை?

#2 பிசின்வாளி (அரியாங்குப்பம்)

ஃபைபர்தான் என் தொழில். அதனால் என்னைத் திட்டாமல் கேளுங்கள்: அந்த மோல்டில் வார்க்காதீர்கள்.

நம் ஊர் ஃபைபர் போட்டை எதற்காக வடிவமைத்தார்கள்? எஞ்சின் தள்ளணும், வலையும் மீனும் ஏறணும், மணலில் இழுக்கணும், பக்கத்துப் போட் வந்து இடித்தாலும் விரியக் கூடாது. அதனால் அடி அகலம், மேட் (கண்ணாடி இழை விரிப்பு) மேல் மேட். அகலத்தைப் போல நாலைந்து மடங்குதான் நீளம் இருக்கும். கட்டமரான் ஹல் அப்படி இல்லை. நீர்மட்டத்தில் அதன் நீளம் அகலத்தைப் போல 8 மடங்காவது இருக்க வேண்டும். 10, 11 என்றால் இன்னும் நல்லது. ஒல்லியான ஹல் பெரிய அலை எழுப்பாமல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், அதனால்தான் வேகம். இரண்டு குண்டு ஹல்லைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் ஒரு குண்டுப் படகைவிட மெதுவாகத்தான் போகும். கூடவே இரண்டு மடங்கு செலவு.

புது மோல்டு செய்து ஃபைபரிலேயே வார்க்கலாமே என்றால், செய்யலாம். ஒரே ஒரு படகுக்கு மோல்டு போடுவது காசைக் கடலில் கொட்டுவதுதான். பத்துப் படகு விற்கப்போகிறீர்கள் என்றால் என்னிடம் வாங்க.

#3 கணக்கு வாத்தியார் (இலாசுப்பேட்டை)

#2 சொன்னதற்கு எண் போட்டுப் பார்ப்போம். தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

7 மீட்டர் ஹல் ஒன்றின் மேற்பரப்பு, டெக்கையும் சேர்த்து, ஏறத்தாழ 14 முதல் 15 சதுர மீட்டர். மேட் வைத்துக் கையால் வார்த்த 6 மில்லிமீட்டர் ஃபைபர், சதுர மீட்டருக்கு 9 கிலோ. ஒரு ஹல்லுக்கு 130 கிலோ. தட்டையான இடங்கள் நெளியாமல் இருக்க உள்ளே விலா வைத்தால் 150. அதே ஹல்லை 6 மில்லிமீட்டர் மரைன் பிளையில் செய்து இரு பக்கமும் மெல்லிய கிளாஸ் துணியும் எபாக்சியும் போட்டால் சதுர மீட்டருக்கு 5 கிலோ சுற்றி வரும். தடுப்புப் பலகைகளோடு சேர்த்து 95 கிலோ. ஆக இரண்டு ஹல்லுக்கு வித்தியாசம் 110 கிலோ. அதன் மேல் ஜிஐ பைப், மரப்பலகைத் தளம் என்று போனால் மொத்தம் 250 கிலோ கூடுதலாகிவிடும்.

250 கிலோ என்ன பெரிதா என்று கேட்கலாம். ஒல்லி ஹல்லுக்கு நீர்மட்டப் பரப்பு கம்மி. இந்த அளவுப் படகில் இரண்டு ஹல்லுக்கும் சேர்த்து 5 சதுர மீட்டர்தான். 50 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும். அப்படியானால் ஆள் ஏறுவதற்கு முன்பே 5 சென்டிமீட்டர் போய்விட்டது. நடுத்தளத்துக்கும் அலைக்கும் உள்ள இடைவெளியில் அது கழியும். அடியில் அலை வந்து 'டம் டம்' என்று அறையும் படகில் ஏறியவர் இன்னொரு முறை ஏற மாட்டார்.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, புரூஸ் எண் என்பார்கள். பாய்ப்பரப்பைச் சதுர அடியில் எடுத்து வர்க்கமூலம் போடுங்கள். ஆளோடு சேர்ந்த மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து கனமூலம் போடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 20 சதுர மீட்டர் பாய், 800 கிலோ என்றால் 1.2. அதே பாய், 1050 கிலோ என்றால் 1.1. தாளில் சின்ன வித்தியாசம்தான். மெல்லிய காற்றில் ஒன்று ஓடும், மற்றது நிற்கும்.

#4 பிசின்வாளி (அரியாங்குப்பம்)

வாத்தியாரே, ஒரு சந்தேகம். எடை கூடினால் கவிழ்வது கஷ்டம் இல்லையா? குடும்பத்தோடு போகிறவருக்கு அது நல்லதுதானே?

#5 கணக்கு வாத்தியார் (இலாசுப்பேட்டை)

நல்ல கேள்வி. இதையும் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒற்றை ஹல் பாய்ப்படகு அடியில் ஈயமோ இரும்போ கட்டித் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கிறது. கட்டமரானுக்கு அது கிடையாது. அகலம்தான் அதன் பலம். காற்றுப் பக்கத்து ஹல் தண்ணீரைவிட்டு எழும்பும் அந்த நொடியில் படகைப் பிடித்து வைக்கும் விசை உச்சத்தில் இருக்கும். அதன் அளவு: மொத்த எடை, பெருக்கல், இரு ஹல் மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதி. 800 கிலோ, மையத்தூரம் 3 மீட்டர் என்றால் 1200 கிலோ-மீட்டர்.

கவிழ்க்கும் விசை காற்றினுடையது. 20 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று பாய் மேல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ அழுத்தும். 20 சதுர மீட்டர் பாய், அதன் மையம் 4 மீட்டர் உயரத்தில். பெருக்கினால் 640. காற்றின் வேகத்துக்கு அழுத்தம் வர்க்கமாகக் கூடும் என்பதால் 27 நாட்டில் 1200-ஐத் தொட்டுவிடும், ஹல் எழும்பிவிடும். 18 நாட் சீராக வீசும் நாளில் ஒன்றரை மடங்கு வேகத்தோடு ஒரு அடி அடித்தால் 27. அதுதான் சிக்கல்.

எடையைக் கூட்டினால் அந்த எல்லை சற்றுத் தள்ளிப்போகும், உண்மைதான். கூடவே பாய்மரம், கம்பி, குறுக்குக்கட்டை எல்லாவற்றின் மேலும் பாரம் கூடும். எல்லாவற்றையும் தடிமனாக்க வேண்டும், எடை இன்னும் ஏறும். எடை கூடிய படகு அலைச் சரிவில் இறங்கும்போது அணியம் (முன்நுனி) தண்ணீருக்குள் புதையவும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பதில் மையத்தூரத்தை 3-லிருந்து 3.3 ஆக்குங்கள். பத்து சதவீதம் நிலைப்பு கூடும், கூடுதல் எடை சில கிலோதான்.

இதைவிட மலிவான வழி, பாயைச் சுருக்குவது. 20-ஐ 12 ஆக்கினால் மையமும் 3 மீட்டருக்கு இறங்கும். அப்போது எல்லை 40 நாட்டுக்கு மேல் போய்விடும். ஆனால் ஒற்றை ஹல் சாய்ந்து சாய்ந்து "பாயைக் குறை" என்று சொல்லும். கட்டமரான் சாயாது, சொல்லாது. காற்றுமானியைப் பார்த்து நீங்களாகக் குறைக்க வேண்டும். 15, 16 நாட்டில் முதல் சுருக்கு என்று எழுதி ஒட்டி வையுங்கள். கவிழ்ந்தால் தானாக நிமிராது. தலைகீழாகவும் அதே உறுதியோடு மிதக்கும்.

#6 வீரை மீனவன் (வீராம்பட்டினம்)

கணக்கெல்லாம் சரிதான் ஐயா. தம்பி, நீங்க எங்க இறக்கி எங்க ஏத்தப்போறீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.

சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் காலையில கரையிலிருந்து கச்சான் அடிக்கும். கடல் தட்டையா இருக்கும். மதியத்துக்கு மேல கடல்காத்து தென்கிழக்கில் ஏறும், சாயந்திரம் தெற்குப் பக்கம் திரும்பும். நீரோட்டமும் அந்த மாசங்கள்ல வடக்கேதான். நீங்க காலையில கடலூர்லேர்ந்து வடக்கே வந்துட்டு சாயந்திரம் தெற்கே திரும்பணும்கிறீங்க. காத்தும் எதிர், ஓட்டமும் எதிர். பாய்ப்படகுல இருட்டினப்புறம்தான் வீடு போவீங்க. மாத்திப் போங்க. காலையில தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கம் இறங்கிட்டு, மதியக் காத்துல வடக்கே வாங்க. புதுச்சேரிதான் வேணும்னா ராத்திரி இங்க தங்கிட்டு மறுநாள் காலைக் கச்சான்ல கிளம்புங்க. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், நல்ல படகுன்னா கஞ்சி நேரத்துக்குக் கடலூர் சேர்ந்துடலாம். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காத்துல வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு. ரெண்டு கால் உள்ள படகு கரையேறும்போது ஒரு கால் முதல்ல மணலைத் தொடும். அடுத்த அலை மத்த காலைத் தூக்கி முறுக்கும். கடல்ல உடையுறதைவிடக் கரையில உடையுறதுதான் ஜாஸ்தி. வெல்டு வெச்ச பைப்புன்னா வெல்டு ஓரத்துலயே விட்டுப்போகும். கட்டுமரத்துல கயிறுதான் கட்டினோம், அது கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும். அலை நடுவுல புகுந்து போயிடும்.

#7 பாய்மரப் பைத்தியம் (குயிலாப்பாளையம்)

வீரை அண்ணன் சொன்ன அதே வேலையைத்தான் ஜேம்ஸ் வாரம் (Wharram) என்பவர் செய்தார். இங்கிலாந்துக்காரர், 2021 கடைசியில் காலமானார். 1950-களில் தாமே கட்டிய 'டங்காரோவா' என்ற சின்ன இரட்டைப் படகில் அட்லாண்டிக்கைத் தாண்டினார். பிறகு வீட்டுக் கொல்லையில் ஆட்கள் கட்டிக்கொள்ளும்படி வரைபடம் போட்டு விற்றார். பிளைவுட், எபாக்சி, குறுக்குக்கட்டையைக் கயிற்றால் கட்டுவது. சுக்கானுக்குக்கூடக் கீல் கிடையாது, கயிற்றால் தைத்திருப்பார். அவருடைய 'டிக்கி 21' 6.4 மீட்டர் நீளம். ரோரி மக்டூகல் என்பவர் அதில் 1991-ல் கிளம்பி உலகையே சுற்றினார். அந்த ஹல் 'வி' வடிவம், அடைப்பலகை (பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறக்கும் பலகை) தேவையில்லை, கரையில் ஏற்றலாம். உப்பனாறு கேட்கும் அளவும் கிட்டத்தட்ட அதுதான். தானாக வரையாமல் வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள் என்பது என் கட்சி. கணக்கு அதற்குள்ளேயே இருக்கும்.

கயிறு விஷயத்தில் மட்டும் நம் ஊர்க் கடைகளில் கவனம். நைலான் நனைந்தால் நீளும், கட்டு தளரும். மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நொறுங்கும். முன்னமே இழுத்துவிட்ட பாலியஸ்டர், 6 மில்லிமீட்டர் வாங்குங்கள். சுற்றிக் கட்டிய பிறகு அந்தச் சுற்றுகளுக்குக் குறுக்கே இறுக்கிப் பிடிக்கும் சுற்று போடவேண்டும், அதில்தான் இறுக்கமே வருகிறது. ஒரு நாள் ஓட்டிய பிறகு தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்கணும்.

#8 உப்பனாறு (கடலூர் முதுநகர்)

காற்றுத் திசை பற்றி நான் யோசிக்கவே இல்லை, நன்றி அண்ணே. தெற்கே போய் வடக்கே திரும்புவதாகவே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பைப்பை விட மனசு வரவில்லை. இரும்பு என் கையில் இருக்கும் பொருள். ஜிஐ வேண்டாம் என்றால் வேறு எது?

#9 கணக்கு வாத்தியார் (இலாசுப்பேட்டை)

லேத் ஆளுக்கு லேத் பாஷையில் சொல்கிறேன். இரண்டு இன்ச் ஜிஐ பைப், நடுத்தர வகை: மீட்டருக்கு 5 கிலோ. 100 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள 6061-டி6 அலுமினியக் குழாய்: மீட்டருக்கு 2.5 கிலோ. எடை பாதி. வளைவுக்கு எதிரான வலு இரண்டு மடங்குக்கு மேல். விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. குழாய் பெருத்தால் உலோகம் மையத்தைவிட்டுத் தள்ளி உட்காரும், வலு அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அலுமினியத்தை வெல்டு செய்தால் அந்த இடத்தில் டி6 பதம் போய்விடும், வலு பெருமளவு இறங்கும். நடுவில் எதையும் பற்றவைக்காதீர்கள். ஹல் மேல் சேணம் போல ஒரு படுகை, அதில் குழாய் உட்காரணும், பட்டையோ கயிறோ பிடிக்கணும். அந்தப் படுகையைத் திருத்தமாகக் கடையும் வேலைக்கு உங்கள் லேத் போதும். ஜிஐயில் இன்னொரு சங்கடம்: வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து, உள்பக்கத்திலிருந்து துரு தின்னும், வெளியே தெரியாது.

பாய்மரம் நிற்கும் குழாய்க்கு மட்டும் தனிக் கவனிப்பு. கம்பிகள் இழுக்க இழுக்க மரம் அந்தக் குழாயின் நடுவில் குத்தும். அடியில் ஒரு குத்துக்கட்டையும் அதன் மேல் இழுத்துக் கட்டிய கம்பியும் வைத்தால், குழாய் வளையப் பார்க்கும்போது கம்பி பிடித்துக்கொள்ளும். டால்ஃபின் ஸ்ட்ரைக்கர் என்று அதற்குப் பெயர். சின்ன விஷயம், விட்டுவிடாதீர்கள்.

கழற்றி மாட்டும்படியே செய்யுங்கள். லாரியில் 2.6 மீட்டருக்கு மேல் அகலம் ஏற்ற முடியாது.

#10 சுனாமிக்குப்பின் (தாழங்குடா)

மரத்தில் கட்டச் சொல்கிறீர்கள், ஆச்சரியமாக இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபருக்கு மாறியது சும்மா இல்லை. மரம் உளுக்கும், கப்பல்புழு துளைக்கும். உப்பனாற்றில் ஒரு பலகையைப் போட்டுவிட்டு வந்து பாருங்கள், சல்லடையாக இருக்கும்.

#11 பாய்மரப் பைத்தியம் (குயிலாப்பாளையம்)

சும்மா கிடக்கும் பலகை சல்லடையாகும், மறுப்பில்லை. கிளாஸும் எபாக்சியும் மூடிய பலகைக்குள் புழுவின் குஞ்சு நுழைய வழி வேண்டும். கீறல் விழுந்த இடம் மூடாமல் கிடந்தால்தான் நுழையும். அதோடு இந்தப் படகு தண்ணீரிலேயே கிடக்கப்போவதில்லை.

மரத்தை உண்மையில் அழிப்பது கடல் தண்ணீர் இல்லை, மழைத்தண்ணீர். உளுக்கும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது. டெக்கில் ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்கி மூலையில் தேங்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். அதனால் ஓட்டை போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12-ல் துளை போடுங்கள். அடியில் டேப் ஒட்டி, சிலிக்கா கலந்த கெட்டி எபாக்சியால் அடைத்துவிடுங்கள். இறுகிய பிறகு அதன் நடுவில் 8-ல் துளை. போல்ட் எபாக்சியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. சலிப்பான வேலை. ஆனால் பத்து வருடம் கழித்துப் படகு இருக்கிறதா இல்லையா என்பதை இந்தத் துளைகள்தான் முடிவு செய்யும்.

பிளை பற்றி: ஐஎஸ் 710 (மரைன் பிளைக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ளதுதான் வாங்கணும். அந்தத் தரத்துக்கே 72 மணி நேரம் கொதிக்கவைக்கும் சோதனை உண்டு. முத்திரையை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, குறுக்கே அறுத்து நடுவில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள், பிறகு வீட்டில் கொதிக்கவையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தக் கடையை மறந்துவிடலாம். இன்னொன்று, நம் ஊர் குர்ஜன் பிளை கனம். 6 மில்லிமீட்டர், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 12 கிலோவுக்கு மேல் வரும். வெளிநாட்டுக்காரர்கள் வரைபடத்தில் நினைத்திருக்கும் ஒகூமே என்ற லேசான மரத்தின் பிளை 9 கிலோவுக்குள். 20 ஷீட்டுக்கு 80 கிலோ வித்தியாசம், ஒரு ஆளின் எடை. அதனால் வேறெங்கும் தடிமனைக் கூட்டாதீர்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒவ்வொரு இடத்திலும் சேர்த்தால் ஃபைபர் எடைக்கே வந்துவிடுவீர்கள்.

#12 பிசின்வாளி (அரியாங்குப்பம்)

சரி, மரத்துக்கே போங்கள். பிசின் விஷயத்தில் நான் சொல்வதைக் கேளுங்கள். பட்டறையில் இருக்கும் பாலியஸ்டர் ரெசினை மரத்தின் மேல் பூச விடாதீர்கள். ஃபைபர் மேல் ஃபைபருக்கு அது நன்றாகப் பிடிக்கும், மரத்தில் நாளடைவில் தோலாக உரிந்து வரும். எபாக்சிதான்.

எபாக்சி புதிதாகத் தொடுகிறவர்கள் நம் வெயிலில் மாட்டிக்கொள்வார்கள். பத்து டிகிரி கூடினால் இறுகும் நேரம் பாதியாகும். டப்பாவில் அரை மணி என்று எழுதியிருப்பது 25 டிகிரிக்கு. மே மாதம் வாளியில் கலக்கி வைத்தால் புகை வரும், வாளி உருகும். ஸ்லோ ஹார்டனர் கேளுங்கள், கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். பரந்து கிடந்தால் சூடு பிடிக்காது. முதல் கோட் எப்போது? காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். எபாக்சி முழுக்கக் குட்டிக் குட்டிக் கொப்புளம், நடுவில் ஊசித்துளை. சாயந்திரம் நாலு மணிக்கு மேல் பூசுங்கள். மரம் குளிர்ந்துகொண்டே வரும், காற்று உள்ளே சுருங்கும், எபாக்சியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஆள் வைத்து வேலை வாங்காதீர்கள்.

மறுநாள் மேலே மெழுகு மாதிரி வழவழப்பாக இருந்தால் அது ஈரக்காற்றால் வருவது. தேய்ப்பதற்கு முன் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவணும். கழுவாமல் மணல்தாள் போட்டால் அந்த மெழுகை உள்ளே தேய்த்துவிடுவீர்கள், அடுத்த கோட் பிடிக்காது.

அப்புறம் ஒரு உள்ளூர் சமாச்சாரம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பழைய ஆட்கள் மரப் படகுக்குப் பூசுவார்கள், தெரியும்தானே. அதே எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனாலை வைத்து ஃபீனால்கமைன் என்ற ஹார்டனர் செய்கிறார்கள். ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், அந்த மெழுகும் அவ்வளவாக வராது. கப்பல் பெயின்ட்களில் ஓடுகிறது. செம்பழுப்பு நிறம், மரத்தின் அழகு தெரியணும் என்பவருக்கு ஆகாது. எப்படியும் மேலே வெள்ளை அடிக்கப்போகிறோம், நமக்கென்ன. அந்த வெள்ளை கட்டாயம்: எபாக்சிக்கு வெயில் ஆகாது. கறுப்போ கரும்நீலமோ அடித்தால் டெக் சூடேறி எபாக்சியே இளகும்.

#13 ஃபாயில் ரசிகன் (கடலூர்)

எல்லோரும் இப்போது ஃபாயில் (படகைத் தூக்கும் தண்ணீருக்கடி இறக்கை) வைத்துப் பறக்கிறார்கள். 2013 அமெரிக்கா கோப்பைப் பாய்ப்படகுப் போட்டியிலேயே 72 அடி கட்டமரான் தண்ணீரைவிட்டு எழுந்து பறந்தது. ஃபாயில் வைக்கலாமா?

#14 வீரை மீனவன் (வீராம்பட்டினம்)

தம்பி, தண்ணிக்கு அடியில அந்தக் கத்தியை நீட்டிக்கிட்டு எங்க வலை நடுவுல வாங்க, பேசிக்கலாம்.

#15 பாய்மரப் பைத்தியம் (குயிலாப்பாளையம்)

:) அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தப் படகுகள் முழுக்க கார்பன், பின்னால் பெரிய பட்டாளம். குடும்பப் படகுக்கு வேண்டியது அடியில் எதுவும் நீட்டாத ஹல்லும், மணலில் முட்டினால் தானாக மேலே மடங்கும் சுக்கானும்.

சும்மா ஆசையைத் தணிக்க ஹோபி 16 என்ற சின்னக் கட்டமரான் பழையதாக ஒன்று கிடைத்தால் முதலில் அதில் ஓட்டிப் பழகுங்கள். அது 5 மீட்டர், 150 கிலோவுக்குள். ஹல்லே வளைந்த வாழைப்பழ வடிவம், அடைப்பலகை இல்லை. நனைவீர்கள், கவிழ்வீர்கள், நிமிர்த்தக் கற்பீர்கள். இவ்வளவு லேசான படகைத் திருப்புவது எப்படி என்று அதில் தெரிந்துவிடும். எதிர்க்காற்றில் திரும்பும்போது நடுவில் நின்றுவிடும். முன்பாயை உடனே மாற்றாமல் எதிர்ப்பக்கம் காற்று பிடிக்க விட்டால் அணியத்தைத் தள்ளிக் கொடுக்கும்.

#16 சுனாமிக்குப்பின் (தாழங்குடா)

என் சந்தேகம் இன்னும் தீரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். புயலுக்கு என்ன செய்வீர்கள்? ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2011-ல் தானே புயல் எங்கள் பக்கம் முந்திரித் தோப்பையே சாய்த்துவிட்டுப் போனது. இவ்வளவு லேசான படகெல்லாம் அந்தக் காற்றுக்கு நிற்குமா?

#17 பாய்மரப் பைத்தியம் (குயிலாப்பாளையம்)

நிற்காது. லேசான கட்டமரானுக்கு இது நிஜமான பலவீனம். அகலமான தளத்துக்குக் கீழே காற்று புகுந்தால் தூக்கிவிடும். எச்சரிக்கை வந்ததும் பாய்மரத்தைப் படுக்கவையுங்கள். பாய், தள வலை எல்லாம் கழற்றுங்கள். முடிந்தால் குறுக்குக்கட்டையைக் கழற்றி ஹல்களைத் தனித்தனியாக உள்ளூரில் சுவர் மறைவுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கயிற்றுக் கட்டின் லாபம் இங்கேதான். முடியாவிட்டால் அலை எட்டாத இடத்தில், மணலில் ஆழமாகப் புதைத்த மூட்டைகளில் நாலு மூலையையும் கட்டி, ஹல்லுக்குள் அரையளவு தண்ணீர் நிரப்புங்கள். ஒவ்வொரு ஹல்லும் டன் கணக்கில் கனக்கும், காற்று தூக்காது. புயல் போனதும் வடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, மூடியைத் திறந்து காயவைக்கணும்.

இன்னொரு ஆபத்தை யாரும் சொல்லவில்லை. அலுமினியப் பாய்மரத்தை நிறுத்திய நிலையில் படகைத் தள்ளிக்கொண்டு தெருவில் போகாதீர்கள். கடற்கரைக் குப்பங்களில் மின்கம்பி எவ்வளவு தாழ இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். ஹோபிக்காரர்களே இந்த விபத்துகளுக்குப் பிறகு மரத்தின் நுனியை மின்சாரம் கடத்தாத பொருளுக்கு மாற்றினார்கள். மரம் நிறுத்துவது மணலில் மட்டும்.

#18 வீரை மீனவன் (வீராம்பட்டினம்)

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு, உடம்புல இருக்கணும், மூட்டையில இல்ல. கடலோரக் காவல்படை நம்பர் 1554, போன்ல போட்டு வெச்சுக்கங்க. கிளம்புறதுக்கு முன்னாடி குப்பத்துல ரெண்டு பேர்கிட்ட எங்க போறோம், எப்ப வருவோம்னு சொல்லிட்டுப் போங்க. புதுச்சேரி தேங்காய்த்திட்டு முகத்துவாரம் மண் தூர்ந்து தூர்ந்து கிடக்கும், உங்க படகுக்கு முழங்கால் தண்ணி போதும்னாலும் முகத்துல அலை உடையுற நேரத்துல நுழையாதீங்க. வெளியவே நின்னு, பெரிய அலை நாலைஞ்சு போனப்புறம் நேரா உள்ள வாங்க. சாஞ்சு வந்தா பக்கவாட்டுல புரட்டிடும். அடியில ஆரஞ்சு கலர் அடிச்சு வைங்க, கவுந்தா தேடுறவனுக்குத் தெரியும்.

#19 உப்பனாறு (கடலூர் முதுநகர்)

எல்லோருக்கும் நன்றி. முடிவு இது: வரைபடம் வாங்குகிறேன். பிளையும் எபாக்சியும், குறுக்குக்கட்டை வரைபடத்தில் எப்படியோ அப்படியே, கயிற்றுக் கட்டு. இரும்பு ஆசையை சுக்கான் கைப்பிடியிலும் கரை வண்டியிலும் தீர்த்துக்கொள்கிறேன்.

ஆற்றில் கட்டி வைக்கும் யோசனையையும் விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) ஏறிவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கரையில் வண்டி மேல்தான். ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்துக்கு என்ன செய்வது? பிசின்வாளி அண்ணே, கிளாஸ் போடும் வேலைக்கு நீங்கள் வர முடியுமா?

#20 பாய்மரப் பைத்தியம் (குயிலாப்பாளையம்)

போல்ட்: 316 வாங்குங்கள், 304 நம் உப்புக்காற்றில் டீ நிறத்தில் கறை விடும். அலுமினியத்தோடு நேரடியாக உரசக் கூடாது. நடுவில் நைலான் வாஷர், மரைக்குக் குரோமேட் பசை. இல்லாவிட்டால் வெள்ளை மாவு பூத்து அலுமினியம் கரையும், ஒரு வருடம் கழித்துப் போல்ட் கழலவே கழலாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், மறக்காமல் ஹல் மூடிகளைத் திறந்து வையுங்கள். பாயை வெயிலில் போட்டுவைக்காதீர்கள். கம்பியில் ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டினாலும் அந்தக் கம்பியையே மாற்றுங்கள்.

#21 பிசின்வாளி (அரியாங்குப்பம்)

வருகிறேன். ஆனால் சித்திரை, வைகாசியில் கூப்பிடாதீர்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், எல்லா விசைப்படகும் கரையேறி நிற்கும், பட்டறையில் நிற்க இடம் இருக்காது. தை, மாசிதான் எபாக்சிக்கு நல்ல காலம்: மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. அதற்குள் பிளையை வெட்டி, செம்புக் கம்பியால் தைத்து ஹல்லை நிறுத்தி வையுங்கள். மூலையெல்லாம் கெட்டி எபாக்சியால் வழித்து, டேப் ஒட்டி முடித்திருந்தால் துணி போடுவது ஒரு ஹல்லுக்கு ஒரு சாயந்திர வேலை.

மேட் வாங்கி வைக்காதீர்கள். அதை ஒட்டிப் பிடிக்கும் பசை பாலியஸ்டரில்தான் கரையும், எபாக்சியில் அட்டை மாதிரி நிற்கும். 200 கிராம் நெய்த துணி, எபாக்சிக்கு ஆகும் என்று கேட்டு வாங்குங்கள். நல்ல தராசு ஒன்றும் வேண்டும். ரெசினும் ஹார்டனரும் கண் திட்டத்தில் ஊற்றுகிற ஆளை நான் கூட்டி வர மாட்டேன், நீங்களும் ஊற்றக் கூடாது.